எக்ஸ்ரே படம் கெடும்போது: சி.ஆர். அறைக்கான பிழை நீக்கும் வழிமுறை

கேசட்டுக்குள் இருக்கும் பிளேட்டில் கதிரைப் பதித்து, கேசட்டை ரீடரில் செருகி லேசரால் படித்துப் படம் பெறும் சி.ஆர். (கம்ப்யூட்டட் ரேடியோகிராபி) முறை இன்றும் பல மருத்துவமனைகளின் எக்ஸ்ரே அறைகளில் இயங்குகிறது. அவ்வறைகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் கோளாறுகளைக் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியின்படி கீழே பிரித்து எழுதியுள்ளேன். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு மிகுந்தது கடைசியிலும் வருகின்றன. அந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு வந்தால் பல கோளாறுகள் சர்வீஸ் பொறியாளரை அழைக்கும் முன்னரே தீர்ந்துவிடும்.

எந்த அறிகுறியாயினும் ஒரு கட்டுப்பாடு பொதுவானது. காரணம் தெரியாமல் எம்.ஏ.எஸ். (கதிரின் அளவைத் தீர்மானிக்கும் மின்னோட்டம் × நேரம்) அளவைக் கூட்டி, அதே நோயாளிக்கு உடனே மறுபடம் எடுக்கக் கூடாது. கோளாறு கேசட்டிலோ ரீடரிலோ இருந்தால் இரண்டாம் படத்திலும் அதே கறைதான் வரும். நோயாளி பயனில்லாமல் இன்னொரு முறை கதிருக்கு ஆளாவார். சோதனைப் படங்கள் அனைத்தையும் ஆளில்லாத மேசையில், கதவை மூடி, பாதுகாப்புத் தடுப்புக்குப் பின்னால் நின்றே எடுக்க வேண்டும்.

## பொத்தானை அழுத்தியும் கதிர் வரவில்லை

கட்டுப்பாட்டுப் பலகையில் ஆயத்த விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரியவில்லையெனில் அறைக் கதவு முழுமையாக மூடியுள்ளதா, ஸ்ட்ரெச்சர் இடித்து அவசர நிறுத்தச் சிவப்புப் பொத்தான் அழுந்தியுள்ளதா, பக்கி (மேசையிலோ சுவரிலோ கேசட்டைத் தாங்கும் பெட்டி) தட்டு இறுதிவரை உள்ளே தள்ளப்பட்டுள்ளதா, மேசை பக்கியில் கேசட்டை வைத்துவிட்டுச் சுவர் பக்கியைத் தேர்ந்திருக்கிறோமா என்பவற்றைச் சரிபார்க்க வேண்டும். அடுத்தடுத்து இடுப்பு, முதுகெலும்புப் படங்களை எடுத்த பிறகு இயந்திரம் மறுத்தால் கதிரை உண்டாக்கும் டியூப் சூடேறியிருக்கலாம். வெப்ப எச்சரிக்கை அணையும்வரை காத்திருப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

ஆயத்த விளக்கு எரிந்தும் கதிர் வரவில்லையெனில் கைச்சுவிட்சைக் கவனியுங்கள். அது இரண்டு நிலைகளில் இயங்குவது. முதல் நிலையில் அழுத்தி, டியூப்புக்குள் சுழலும் ரோட்டார் முழு வேகம் அடையும் ஓசையைக் கேட்டபின் இரண்டாம் நிலைக்குச் செல்ல வேண்டும். புதிதாகப் பணிக்கு வந்தவர்கள் பாதியில் விரலைத் தளர்த்திவிட்டு இயந்திரம் கெட்டதாக எண்ணுவது வழக்கம். ஓசை வந்து கதிர் மட்டும் சில வேளை வந்தும் சில வேளை வராமலும் போனால், கைச்சுவிட்சின் சுருள் கம்பி உள்ளே அறுந்திருக்க வாய்ப்பு மிகுதி. சுவிட்சைத் தொங்கவிட்டு இழுத்துப் பழகும் அறைகளில் இந்தக் கம்பிதான் முதலில் போகிறது. இயந்திரத்தின் மற்ற உறுப்புகளோடு ஒப்பிட்டால் இது மலிவான மாற்றம்.

அடுத்தது மின்னழுத்தம். ஸ்டெபிலைசரின் அளவுகாட்டியைப் பார்த்து, இயந்திரத்தின் பெயர்த்தகட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். லிஃப்டோ பெரிய குளிர்சாதனமோ இயங்கும் நேரங்களில் மட்டும் கோளாறு வருகிறதெனில் அந்த நேரங்களைக் குறித்து, மருத்துவமனை மின் பிரிவுக்கு எழுத்தில் தர வேண்டும்.

பொறியாளரை அழைக்க வேண்டிய எல்லை இதுதான்: முதல் நிலையில் ரோட்டார் ஓசையே எழவில்லை, அல்லது அரைப்பது போன்ற ஓசை எழுகிறது, அல்லது ஒருமுறை விழுந்த மின் பிரேக்கரை ஏற்றியதும் மீண்டும் விழுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுமுறை அழுத்திப் பார்க்க வேண்டாம். கதவுச் சுவிட்ச் பழுதானால் அதை நாடா ஒட்டி ஏமாற்றிப் படம் எடுப்பதை எந்த நெருக்கடியிலும் ஏற்க முடியாது. உள்ளே கதிர் பாயும்போது கதவைத் திறப்பவர் ஒரு கர்ப்பிணியாகவும் இருக்கலாம்.

## படம் மணல் தூவினாற்போல் தெரிகிறது

ஃபிலிம் காலத்தில் கதிர் குறைந்தால் படம் வெளுத்தது, கண்டதும் தெரிந்துவிடும். சி.ஆர். முறையில் ரீடர் வெளிச்சத்தைத் தானே சமன் செய்துவிடுவதால் வெளுப்புக்குப் பதிலாக மணல்மணலான தோற்றம் வருகிறது. ஆகவே, கண்ணை மட்டும் நம்பாமல் படத்தோடு வரும் வெளிப்பாட்டுக் குறியீட்டு எண்ணைப் படிக்க வேண்டும்.

அந்த எண் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. ஃபூஜி ரீடர்களின் எஸ் எண் தலைகீழாக இயங்குவது. கதிர் இரட்டித்தால் எண் பாதியாகும். கேர்ஸ்ட்ரீம் ரீடரில் கதிர் இரட்டிக்கும்போது எண் 300 கூடுகிறது, ஆக்ஃபாவின் எல்.ஜி.எம். அளவில் 0.3 கூடுகிறது. 2008இல் வெளியான ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரநிலையைப் பின்பற்றும் கருவிகளில் விலகல் குறியீடு ஒன்று தரப்படுகிறது: சுழியம் என்றால் இலக்கு, +3 என்றால் இலக்கைப்போல் இருமடங்கு, −3 என்றால் பாதி. இரண்டு நிறுவன ரீடர்கள் உள்ள மருத்துவமனையில் இந்த வேறுபாட்டைச் சுவரில் எழுதி ஒட்டாவிட்டால், ஒரு அறையில் சரியான எண்ணை இன்னொரு அறையில் தவறாகப் படித்துவிடுவார்கள்.

எண்ணும் கதிர் குறைவு என்று காட்டினால் முதலில் தூரத்தை அளவிடுங்கள். மார்புப் படத்துக்கு 180 செ.மீ.யில் நிறுத்திய டியூப்பை அப்படியே விட்டுவிட்டு, 100 செ.மீ.க்கு உரிய எம்.ஏ.எஸ். அளவில் அடுத்த படத்தை எடுத்தால் பிளேட்டை அடையும் கதிர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, ஏனெனில் 1.8-இன் இருமடி 3.24. இந்தக் காரணத்தை மற்ற எல்லாவற்றுக்கும் முன் பார்க்கச் சொல்வேன். தூரம் சரியெனில் குழந்தைக்குரிய உறுப்புப் பொத்தான் பெரியவருக்குத் தேர்வாகியுள்ளதா, கிரிட் (சிதறும் கதிரைத் தடுக்கும் ஈயப்பட்டைத் தட்டு) இல்லாத அளவில் கிரிட் வைத்து எடுத்தோமா, பிளேட் எடுத்தவுடன் ரீடருக்குப் போனதா என்று பாருங்கள். வார்டில் எடுத்த கேசட்டுகளை ஒன்றுசேர்த்துச் சாவகாசமாக மாலையில் படிக்கும் பழக்கம் இருந்தால் அதைக் கைவிட வேண்டும். எட்டு மணி நேரத்தில் பிளேட்டில் பதிந்த தகவலில் ஏறத்தாழக் கால் பங்கு மங்கிவிடும்.

போதிய கதிர் விழுந்ததை உணரிகளால் அறிந்து தானே நிறுத்தும் தானியங்கி வெளிப்பாட்டுக் கட்டுப்பாடு உள்ள அறையில், நேர்நிலை மார்புப் படத்துக்கு இரு பக்கவாட்டு உணரிகளும், பக்கவாட்டுப் படத்துக்கு நடு உணரியும் தேர்வாக வேண்டும். நேர்நிலைப் படத்தில் நடு உணரி தேர்வானால் அது முதுகெலும்பை அளந்து, நுரையீரலுக்குத் தேவைக்கு மேல் கதிரைக் கொட்டும். உடம்புக்கு வெளியே உணரி விழுந்தால் கதிர் உடனே நின்று மணல் படம் வரும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரே அளவுக்கு எண் காட்டும் கதிர் நாளுக்கு நாள் சரிந்தால் பழுது டியூப்பிலோ, ஜெனரேட்டரிலோ, ரீடரின் ஒளி உணரியிலோ இருக்கலாம். அதற்கு மேல் அளவுக் கருவியுடன் வரும் பொறியாளரே முடிவு சொல்ல வேண்டும்.

## படம் அழகாக உள்ளது. எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது

(ஃபூஜியில் எண் இறங்கிக்கொண்டே போகும்.) இதை யாரும் கோளாறாகப் பதிவதில்லை, ஏனெனில் மருத்துவர் குறை சொல்வதில்லை. கதிர் கூடக்கூட மணல் குறைந்து படம் மெருகேறுவதால், மறுபடம் வேண்டியிராது என்ற எண்ணத்தில் ஒவ்வொருவரும் சிறிது சிறிதாக எம்.ஏ.எஸ். ஏற்றுகிறார்கள். படத்தின் வெளிச்சத்தை ரீடர் சமன் செய்வதால் இந்த ஏற்றம் கண்ணில் படுவதே இல்லை. இந்தப் பட்டியலிலேயே நோயாளிக்கு அதிகத் தீங்கு செய்யும் அறிகுறி இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

செய்ய வேண்டிய சோதனை எளிது. ஒரே வகைப் படத்தை, எடுத்துக்காட்டாகப் பெரியவர்களின் நேர்நிலை மார்புப் படத்தை, எடுத்துக்கொண்டு, சென்ற மாதப் படங்களின் குறியீட்டு எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எண்கள் கதிர் கூடும் திசையிலேயே நகர்ந்திருந்தால் உடல் பருமன் வாரியாக கே.வி. (கதிரின் ஊடுருவு திறனைத் தீர்மானிக்கும் மின்னழுத்தம்), எம்.ஏ.எஸ். அட்டவணை ஒன்றைப் பிரிவின் தலைமை மருத்துவரின் ஒப்புதலோடு தயாரித்து, கட்டுப்பாட்டுப் பலகைக்கு அருகில் ஒட்ட வேண்டும். இரவுப் பணியில் மட்டும் எண் ஏறுகிறதெனில் அட்டவணை அங்கே இல்லை என்று பொருள்.

விலகல் குறியீடு +3-ஐத் தாண்டினாலும், தேவையான பகுதி முழுக்கக் கறுத்துத் தகவல் இழக்காதவரை மறுபடம் எடுக்கக் கூடாது. அளவை அடுத்த நோயாளிக்குத்தான் திருத்த வேண்டும். −3-க்குக் கீழே போனால் மட்டும் மறுபடம் பெரும்பாலும் தவிர்க்க இயலாதது. −1-க்கும் −3-க்கும் இடைப்பட்டதைக் கதிரியல் மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும். அவருக்குத் தேவையான விடை அந்த மணலுக்குள்ளேயே கிடைத்துவிடுவதுண்டு.

## ஒரு பக்கமோ இரு ஓரங்களோ வெளுத்திருக்கின்றன

மார்புப் படத்தில் ஒரு நுரையீரல் மட்டும் வெளுத்திருந்தால் முதலில் இரு காறை எலும்புகளின் உள் முனைகளும் முதுகெலும்பின் நடு முள்ளிலிருந்து சம தூரத்தில் உள்ளனவா என்று அளந்து பாருங்கள். சமமில்லையெனில் நோயாளி திரும்பி நின்றிருக்கிறார். இயந்திரத்தைத் தொட வேண்டியதில்லை. சமமாக இருந்து, கிரிட்டும் சரியாக இருந்தால் அந்த வெளுப்பு நோயாகவே இருக்கலாம் என்பதை மறக்காமல் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

நடுவில் ஒரு பட்டை மட்டும் கறுத்து, இரு பக்கமும் கடுமையாக வெளுத்திருந்தால் கிரிட் தலைகீழாக வைக்கப்பட்டுள்ளது. இரு ஓரங்கள் மட்டும் மெல்ல மங்கினால் 100 செ.மீ.க்கு உரிய கிரிட்டை 180 செ.மீ.யில் பயன்படுத்தியிருக்கலாம், உரிய தூரம் கிரிட்டின் ஓரத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். வார்டில், மெத்தையில் அமிழ்ந்து சாய்ந்த கேசட்டினால் வரும் வெளுப்புக்குக் கேசட்டின் கீழே கெட்டியான பலகை ஒன்றை வைப்பதே போதுமான தீர்வு.

படம் முழுவதும் சன்னமான இணைகோடுகள் தெரிந்தால் பக்கியின் கிரிட் அசையவில்லை. ஆளில்லாமல் ஒரு படம் எடுத்து, கிரிட் நகரும் ஓசையைக் கேளுங்கள். இல்லையெனில் பொறியாளருக்குரிய வேலை. அசையாத கிரிட்டை வார்டில் பயன்படுத்தும்போது அலையலையான வடிவம் தோன்றினால், கிரிட்டின் கோடுகளும் ரீடரின் லேசர் வரிகளும் ஒரே திசையில் விழுகின்றன. கிரிட்டின் கோடுகள் லேசர் வரிகளுக்குக் குறுக்காக அமையும்படி கேசட்டைத் திருப்பி வைக்க வேண்டும்.

## வெள்ளைக் கோடு, புள்ளி, கறை

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்தக் கறை யாரோடு போகிறது? கேசட்டோடா, இயந்திரத்தோடா, நோயாளியோடா? கேசட் எண்ணைப் படத்தில் பதிவு செய்யும் பழக்கம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

### அந்த நோயாளியின் படத்தில் மட்டும்

நுரையீரல் உச்சியில் தெரியும் நிழல், முன்னால் தொங்கும் பின்னலாக இருக்கலாம். எண்ணெயும் ஈரமும் சேர்ந்த தடித்த பின்னல் காசநோய்க் கறை போலவே தோன்றும். பின்னலைத் தூக்கி உச்சியில் முடிந்தபிறகே மார்புப் படம் எடுக்க வேண்டும். தாலிச் சங்கிலியில் கோத்துவைக்கும் ஊக்குகள், தாயத்து, அரைஞாண், சட்டைப் பையில் உள்ள மாத்திரை அட்டை ஆகியவையும் அப்படியே. தாலியைக் கழற்றச் சொல்வது பல பெண்களுக்கு மனவருத்தம் தருவது. அதைத் தோளுக்கு மேலே தூக்கி மார்பிலிருந்து விலக்கிக்கொள்ள, ஒரு பெண் பணியாளர் துணையோடு, மரியாதையாகக் கேட்டால் மறுப்பவர் அரிது. நாட்டு வைத்தியரின் கட்டோடு வரும் கைகால் படங்களில் மூங்கில் பத்தையின் விளிம்பு முறிவுக்கோடாகத் தோன்றக்கூடும். கட்டை அவிழ்க்க மருத்துவர் அனுமதிக்கவில்லையெனில் கட்டு இருப்பதைப் படிவத்தில் எழுதிவிட வேண்டும்.

### ஒரே கேசட்டில் மட்டும்

பிளேட்டின் மேல் தூசியோ முடியோ இருந்தால் வெள்ளைப் புள்ளியும் வளைகோடும் வரும். உற்பத்தியாளர் குறிப்பிட்ட துடைப்புத் திரவமும் நூல் உதிராத துணியும் மட்டுமே பயன்பட வேண்டும்; தண்ணீரோ வார்டில் கிடைக்கும் கிருமிநாசினியோ பிளேட்டின் பூச்சைக் கெடுத்துவிடும். முழுதும் உலர்ந்தபின் கேசட்டை மூடி, ரீடரில் ஒருமுறை அழித்து (பிளேட்டில் மிஞ்சிய பழைய பதிவை நீக்கி), வெறும் படம் எடுத்துப் பாருங்கள். துடைத்தும் நீங்காதது கீறல்; அந்தப் பிளேட்டை மாற்றும்வரை கேசட்டின் மேல் குறியிட்டு ஒதுக்கிவைக்க வேண்டும். மார்புப் படங்களுக்கு அதை அனுப்பவே கூடாது, ஏனெனில் நுரையீரலில் ஒரு வெள்ளைப் புள்ளி சிலரை சி.டி. ஸ்கேன் வரை கொண்டுபோய்விடும்.

### எல்லாக் கேசட்டுகளிலும்

கறை கதிரின் பாதையில் உள்ளதா, ரீடரில் உள்ளதா என்று பிரிக்க, ஆளில்லாத மேசையில் கேசட்டை வைத்துக் குறைந்த அளவில் ஒரு படம் எடுங்கள். பிறகு கேசட்டை 180 பாகை திருப்பி வைத்து இன்னொரு படம். கறை படத்தில் இடம் மாறினால் அது மேசை, கிரிட், கொலிமேட்டர் (கதிர் விழும் பரப்பைச் சுருக்கும் பகுதி) ஆகியவற்றில் ஒன்றில் இருக்கிறது. மேசையிலோ கொலிமேட்டரின் முகத்தட்டிலோ தெறித்துக் காய்ந்த கான்ட்ராஸ்ட் மருந்துத் துளியே பெரும்பாலும் குற்றவாளி. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். கறை இடம் மாறாமல், பிளேட் நகரும் திசையில் ஒரே நேர்கோடாக ஓடினால் ரீடருக்குள் ஒளி சேகரிக்கும் பகுதியில் தூசி படிந்துள்ளது. சில மாதிரிகளில் பயனரே இழுத்துத் துடைக்கும் தூரிகை உண்டு. இல்லாத மாதிரியின் மூடியைத் திறக்க வேண்டாம். உள்ளே லேசர் இருக்கிறது, அதைத் திறக்கும் பயிற்சி பொறியாளருக்கு மட்டுமே உண்டு. குறுக்குத் திசையில் ஒழுங்கில்லாமல் வரிகள் வந்து போனாலும் அவரையே அழையுங்கள்.

## முந்தைய படத்தின் நிழல் அடியில் தெரிகிறது

பிளேட் சரியாக அழிக்கப்படவில்லை. 24 மணி நேரத்துக்கு மேல் பயன்படாமல் கிடந்த கேசட்டுகளைக் காலையில் முதல் வேலையாக அழித்துவிட வேண்டும்; சும்மா இருக்கும் பிளேட்டும் சுற்றுப்புறக் கதிரைச் சேர்த்துக்கொள்ளும். கேசட் அலமாரி எக்ஸ்ரே அறைக்குள் இருந்தால் சிதறும் கதிரும் அதோடு சேர்கிறது. அலமாரியைத் தடுப்புக்கு வெளியே கொண்டுபோவதற்குச் செலவே இல்லை. இரண்டு முறை அழித்தும் நிழல் நீங்கவில்லையெனில் ரீடரின் அழிப்பு விளக்குகளை மாற்ற வேண்டும்.

நிழல் உடலுறுப்பாக இல்லாமல் கீல், தாழ்ப்பாள் போன்ற வடிவில் இருந்தால் கேசட் பின்பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டுள்ளது.

## எலும்பின் விளிம்பு மங்கலாக உள்ளது

அசைவுதான் முதல் சந்தேகம். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதைப் படுக்கவைத்த பிறகு சொல்வதைவிட, முன்னரே ஒருமுறை செய்துகாட்டிச் செய்யச் சொல்வது பலன் தருகிறது. தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் செவித்திறன் குறைந்த முதியவர்களுக்கும் கையசைவில் காட்ட வேண்டும். குழந்தைகளுக்கு எம்.ஏ.வை (டியூப் மின்னோட்டத்தை) ஏற்றி நேரத்தைக் குறையுங்கள். சிறு குவியத்தை (டியூப்பில் கதிர் கிளம்பும் இடத்தின் சிறிய அளவை) தேர்ந்தால் இயந்திரம் எம்.ஏ.வைக் குறைத்து நேரத்தை நீட்டிவிடும். ஆகவே அது அசையாத கைவிரல், கால்விரல்களுக்கு மட்டும் பொருத்தமானது. குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவையானால் ஈய ஏப்ரன் அணிந்த பெற்றோர் பிடிக்கட்டும். கர்ப்பமாக இருக்கக்கூடிய தாய் வேண்டாம். நாள்தோறும் கதிரறையில் இருக்கும் பணியாளரும் வேண்டாம்.

அசைவில்லாத பொருளும் மங்கினால் ஓர் இரும்பு அளவுகோலைக் கேசட்டின் மேல் வைத்துப் படம் எடுங்கள். விளிம்பு படிப்படியாக உடைந்து தெரிந்தால் ரீடரில் பிளேட்டை நகர்த்தும் பகுதி பழுது. விளிம்பு நேராக, ஆனால் மென்மையாக இருந்தால் டியூப்பின் குவியத்தை அளந்து பார்க்க வேண்டும். அதுவே இந்த அறிகுறியின் கீழ் மிகவும் செலவாகும் முடிவு.

## வெளிச்சம் விழுந்த இடம் படத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது

100 செ.மீ. தூரத்தில் கேசட்டை வைத்து, கொலிமேட்டர் வெளிச்சத்தின் நான்கு விளிம்புகளிலும் நாணயங்களை வைத்துப் படம் எடுங்கள். வெளிச்சத்தின் எல்லையும் கதிரின் எல்லையும் தூரத்தில் 2 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 2 செ.மீ.க்கு மேல், விலகக் கூடாது. விலகினால் கண்ணாடியைத் திருத்துவது பொறியாளரின் வேலை. அவர் வரும்வரை கொலிமேட்டரை முழுக்கத் திறந்துவைத்துச் சமாளிக்கக் கூடாது. விளக்கே எரியாவிட்டாலும் கொலிமேட்டரின் திருகு குமிழில் உள்ள அளவுகோலைப் படித்துப் புலத்தைச் சுருக்க முடியும்.

## எடுத்த படம் மருத்துவரின் கணினியில் இல்லை

ரீடரின் கணினியில் உள்ள நிராகரித்த படங்களின் பட்டியல், முந்தைய நோயாளியின் பெயர், தவறாக அடித்த பதிவு எண், பிணையக் கம்பி என்ற வரிசையில் தேடுங்கள். படம் எங்கோ இருக்கிறது. தேடி முடிக்கும்வரை மறுபடம் எடுக்கக் கூடாது. வேறொருவர் பெயரில் போயிருந்தால், பெயரை மாற்றுவதோடு நிறுத்தாமல், அந்த இரு நோயாளிகளின் மருத்துவர்களுக்கும் உடனே தொலைபேசியிலும் எழுத்திலும் தெரிவிக்க வேண்டும்.

## எந்தச் சோதனையும் செய்யாமல் நிறுத்த வேண்டியவை

டியூப்பிலிருந்து எண்ணெய் கசிவு, படம் எடுக்கும்போது வெடிப்பது போன்ற ஓசை, எரியும் நாற்றம், மேசையைத் தொட்டால் மின்னதிர்ச்சி, விரலை எடுத்தபின்னும் நிற்காத கதிர் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அவசரப் பொத்தானை அழுத்தி, நோயாளியை வெளியே கொண்டுவந்து, முதன்மை மின்சாரத்தைத் துண்டியுங்கள். கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலருக்குச் சொல்லி, அறைக் கதவில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். நிற்காத கதிரில் நோயாளி இருந்திருந்தால், கே.வி., எம்.ஏ., ஏறத்தாழ எவ்வளவு நேரம் என்பவற்றை நினைவு மங்கும் முன் எழுதிவைப்பது பிறகு அவர் பெற்ற கதிரளவைக் கணக்கிட உதவும்.

பொறியாளரை அழைக்கும்போது திரையில் வந்த பிழை எண், அப்போதைய கே.வி., எம்.ஏ.எஸ்., கேசட் எண், நேரம், மேலே கண்ட சோதனைகளில் எவை செய்யப்பட்டன என்பவற்றைச் சொன்னால் அவர் உரிய உதிரிப்பாகத்தோடு வருவார். டியூப், கொலிமேட்டர், ஜெனரேட்டர் ஆகியவற்றில் கதிர்ப் பாதுகாப்பைத் தொடும் பழுது நீக்கம் நடந்தால், இரண்டு ஆண்டுக்கொரு முறை செய்யும் தரச் சோதனைக்குக் காத்திராமல் அப்போதே தரச் சோதனை செய்ய வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. அந்த அறிக்கை கைக்கு வரும்வரை அவ்வறையில் நோயாளிக்குப் படம் எடுக்க வேண்டாம்.